பழைய பிக்கப் டிரக்கின் பிரேக்கை மேம்படுத்தும் முறை

1960-களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான பிக்கப் டிரக்குகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான் இருந்தது; ஓரிடத்தில் குழாய் வெடித்தாலும் பிரேக் முழுவதும் போய்விடும். ஆகவே, முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்துவதற்கும் முன்பாக, முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுற்று தரும் இரட்டை அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தைக் குழாய்களுக்குள் தள்ளும் பகுதி) மாறுவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

பழைய வண்டிகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே, சேஸிஸில் இருக்கும். அது, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக அமைந்தால் திரவம் பின்னோக்கி வடிந்து, பெடல் ஆழமாக இறங்கும். இதைத் தடுக்க, டிஸ்க் குழாயில் 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) எச்ச அழுத்த வால்வை, அதாவது குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வைப் பொருத்த வேண்டும். டிரம் பிரேக் உள்ள சக்கரங்களின் குழாய்க்கு 10 பி.எஸ்.ஐ. வால்வு தேவை (சில மாஸ்டர் சிலிண்டர்களுக்குள்ளேயே இது இருக்கும் என்பதால் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்). சுமையில்லாத பிக்கப்பின் பின்சக்கரங்கள் பிரேக் பிடிக்கும்போது எளிதில் பூட்டிக்கொள்வதால் (சுழலாமல் நின்று சறுக்குவதால்), பின்குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் விகித வால்வும் அவசியம்.

சாதாரண செம்புக் குழாயை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். டாட் 3 அல்லது டாட் 4 வகை பிரேக் திரவத்துடன் சிலிக்கோன் வகையான டாட் 5-ஐக் கலக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே வைஸில் (மேசைப் பிடிகருவியில்) பிடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, பொருத்திய பின் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றும் வேலையைப் பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்த்த பிறகே, ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள்.