விதை முளைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பச்சைப்பயறை வைத்தே பார்த்துவிடலாம்

தொட்டியில் போட்ட விதை முளைக்கவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். பல விதைகள் அழுகுவதே அதனால்தான். வீட்டிலேயே சோதித்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

தேவையானவை: முழுப் பச்சைப்பயறு, நான்கு டம்ளர், பழைய பருத்தித் துணி.

1. பூச்சி அரிக்காத பயறாக 80 எண்ணி எடுங்கள். டம்ளருக்கு 20.

2. முதல் டம்ளருக்கான 20 பயறை ஊறவைக்காமல் அப்படியே போடுங்கள். மீதி 60 பயறை எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். நடுநடுவே ஒன்றிரண்டை எடுத்துப் பாருங்கள். முதலில் தோல்தான் சுருங்கிச் சுருங்கி நிற்கும். அப்புறம் உள்ளே இருக்கும் பருப்பு உப்பி அந்தச் சுருக்கத்தை நிரப்பும். நன்றாக ஊறிய பயறின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

இந்த உப்பலை மட்டும் பார்த்து விதைக்கு உயிர் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். செத்த விதையும் தண்ணீரைக் குடித்து உப்பும். உயிருள்ள விதையில்தான் அடுத்த வேலை நடக்கும்: நொதிகள் விழித்துக்கொண்டு, சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். விதை வேகமாகச் சுவாசிக்கத் தொடங்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும்.

சில பயறு ஊறாமல் கல்லாகவே கிடக்கும். அவற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அவற்றை எடுத்துவிட்டு, ஊறியதை வைத்து எண்ணிக்கையைச் சரிசெய்யுங்கள்.

3. இரண்டாவது, மூன்றாவது டம்ளர்களில் ஊறிய பயறை, நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி வையுங்கள். நான்காவதில் பயறு மூழ்கி மேலே நான்கு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரை மாற்ற வேண்டாம்.

4. வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு துணிகளிலும் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். வேர் எட்டிப் பார்த்ததும், மூன்றாவது டம்ளரின் துணியை மட்டும் பிரித்துக் காயவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரியும். உலர்ந்த பயறு போட்டபடியே இருக்கும். ஈரத்துணியில் வெள்ளை வேர் நீண்டிருக்கும். காயவிட்டதில் வேர் வதங்கிவிடும், மறுபடி நனைத்தாலும் பெரும்பாலும் தேறாது. முளைக்கத் தொடங்கிய விதையால் பழையபடி உலர்ந்து தூங்க முடியாது. மூழ்கியதில் வேர் லேசாக வந்தாலும் அப்படியே நின்றுவிடும், தண்ணீர் கலங்கி நாறும். காற்றில் பரவுவதைவிட ஆக்சிஜன் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. பயறுக்குச் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மூச்சு முட்டுகிறது.

நெல் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. தண்ணீருக்கடியிலும் முளைக்குருத்தை நீட்டும், ஆனால் வேர் சரியாக விடாது. விதைநெல்லை ஊறவைத்தபின் தண்ணீரை வடித்து, சணல் சாக்கில் கட்டி முளைகட்டுவது இதனால்தான்.

சரி, தொட்டிக்கு வருவோம். நனைத்த தென்னைநார்க் கழிவை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் விதைக்கலாம். ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். பாகல், புடலை போன்ற தடித்த தோல் விதைகளை ஒரு ராத்திரி ஊறவையுங்கள். தக்காளி, மிளகாய்க்கு அது தேவையில்லை. முளை வரும்வரை மேல்மண் காயாதபடி பூவாளியாலோ ஸ்பிரேயராலோ தெளியுங்கள், குவளையால் கொட்ட வேண்டாம். தொட்டியின் அடியில் உள்ள ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்பதையும் விதைப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.