காவல் மரணமும் கலவரமும்: முதல் இரண்டு நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல் நிலையத்திலோ சிறையிலோ ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி ஊருக்குள் வந்து சேர்ந்ததும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகின்றன. தெருவில் கூட்டம் கூடுகிறது. காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் தாள்கள் எழுதப்படுகின்றன. முதல் வேலையில் ஊரே கலந்துகொள்கிறது. இரண்டாவதை, எழுதுகிறவர்களைத் தவிர வேறு யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது அந்தத் தாள்களை வைத்துத்தான் எல்லாம் தீர்மானிக்கப்படுகிறது.

இதற்கு வேலூர்ப் பக்கத்து மக்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2015 ஜூனில், ஒரு பெண் காணாமல் போன வழக்கில் பள்ளிகொண்டா காவல் துறையினர் விசாரணைக்கு அழைத்துச் சென்ற ஆம்பூர் இளைஞர் ஒருவர், விடுவிக்கப்பட்ட பிறகு உடல்நிலை மோசமாகி, மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்றப்பட்டு, ஜூன் 26 அன்று சென்னையில் இறந்தார். காவலர்கள் அடித்துத் துன்புறுத்தியதே காரணம் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினர். மறுநாள் ஆம்பூரில் வெடித்த கலவரத்தில் பேருந்துகளும் காவல் வாகனங்களும் தாக்கப்பட்டன. பெண் காவலர்கள் உட்படப் பலர் காயமடைந்தனர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை முடங்கியது. அந்தக் கலவர வழக்கில் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது 2025 ஆகஸ்டில்தான். 22 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது; 161 பேர் விடுவிக்கப்பட்டனர். விடுவிக்கப்பட்டவர்களும் பத்தாண்டுக் காலம் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற பெயரைச் சுமந்தவர்களே. இன்று அந்த ஜூன் மாதத்தைப் பற்றி விசாரித்தால் எரிந்த வாகனங்களைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்த இளைஞர் எப்படி இறந்தார் என்ற கேள்வி அதற்கு அடியில் எங்கோ கிடக்கிறது. அப்படி ஆகாமல் இருக்க வேண்டுமானால், குடும்பத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் முன்னணியில் நிற்கும் இளைஞர்களும் எந்தெந்த இடங்களில் வழக்கமாகத் தவறுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மிகப் பெரிய தவறு மரணத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் அடிபட்டுத் திரும்பும்போது, வீட்டார் அவரை முதலில் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கோ அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோகிறார்கள். அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு, மறுபடி நிலையத்துக்கு இழுத்துப் போவார்களோ என்ற பயத்தில், ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்’, ‘பாத்ரூமில் வழுக்கிவிட்டார்’ என்று சொல்லிவிடுவது இங்கே சர்வ சாதாரணம். சொன்னது விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறுகிறது. வழக்கறிஞர்கள் ‘ஏ.ஆர். காப்பி’ என்று கேட்டு வாங்குவது அந்தப் பதிவின் நகலைத்தான். பின்னால் அவர் இறந்துபோனால், காவல் துறையின் தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவதும் அதே நகலைத்தான். ஆகவே யார் அடித்தார்கள், எந்த நிலையத்தில், எந்த நாளில், எதைக் கொண்டு அடித்தார்கள் என்பதை முதல் மருத்துவரிடமே சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அங்கிருந்து சென்னைக்கும் மாற்றப்படும் நோயாளிக்கு ஒவ்வொரு மருத்துவமனையிலும் தனித்தனிப் பதிவு உண்டு. ஒன்றில் அடி என்றும் மற்றொன்றில் விபத்து என்றும் இருந்தால், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்ட காவலருக்கே போகும்.

விடுவிக்கப்பட்ட பின் இறந்தால் அது காவல் மரணம் ஆகாது என்று நம்பி ஒதுங்கிவிடுவது இதோடு ஒட்டிய இன்னொரு தவறு. காவலில் இருக்கும்போது நேரும் மரணத்தைப் பற்றித்தான் சட்டம் வெளிப்படையாகப் பேசுகிறது என்பதால், துறை அந்த வாதத்தை வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காவலில் ஏற்பட்ட காயம் வெளியே வந்த பின் உயிரைப் பறித்தால், காயப்படுத்தியவரின் குற்றம் கதவைத் தாண்டியதும் மறைந்துவிடுவதில்லை. எப்போது அழைத்துச் சென்றார்கள், யார் பார்த்தார்கள், எப்போது விட்டார்கள், விடும்போது நடந்து வந்தாரா தூக்கி வந்தார்களா என்பவற்றை நினைவு மங்குமுன் எழுதி, கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பிவிட வேண்டும். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் தொலைந்துபோவது பெரும்பாலும் அதுதான்.

மரணம் நேர்ந்துவிட்டால் முதலில் எழும் கோஷம் ‘ஆர்.டி.ஓ. விசாரணை வேண்டும்’ என்பது, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது. பழைய காவல் நிலையாணைகளின் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. 2006 ஜூனில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காவலில் நேரும் மரணத்தைக் குற்றவியல் நடுவரே (மாஜிஸ்திரேட்) விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்த விதி, பழைய நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவில் இருக்கிறது. காவல் துறை நடத்தும் புலனாய்வுக்கு மேற்பட்டு, கூடுதலாக நடக்க வேண்டிய விசாரணை அது. இறந்தவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவி ஆகியோருக்கு இயன்றவரை தகவல் கொடுத்து, விசாரணையில் அவர்கள் இருக்க அனுமதிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்த உரிமையைக் கேட்காமல், வருவாய்த் துறை அதிகாரி வந்து வாக்குமூலம் வாங்கினால் போதும் என்று மறியலைக் கைவிட்டால், கையில் இருந்த வலுவான கருவியை நாமே கீழே வைத்ததாக ஆகும். நடுவரின் விசாரணை தண்டனை தராது. ஆனால் 2020-இல் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் காவல் மரண வழக்கில் கோவில்பட்டி நடுவர் நிலையத்துக்கே நேரில் சென்று விசாரித்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கைதான், ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலத்தையும் சி.சி.டி.வி. பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்த செய்தியையும் வெளியே கொண்டுவந்தது.

கேமரா பதிவு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளைப் பதினெட்டு மாதம், வசதி இல்லாத இடங்களில் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறதே என்று காத்திருப்பது தவறு. பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் மனுவை முதல் நாளே நடுவரிடம் கொடுத்து, நேரத்தோடு கூடிய ஒப்புகை வாங்க வேண்டும். காவல் நிலையப் பதிவோடு நிற்காமல், எதிரே இருக்கும் தேநீர்க் கடை, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வாசல் ஆகியவற்றின் பதிவுகளையும் அந்த மனுவில் சேர்ப்பது நல்லது. தனியார் கேமராக்களில் பழையதன் மேல் புதியது ஏறிவிடும்.

அடுத்தது, உடலை வாங்க மறுப்பது. தமிழ்நாட்டில் இதைப் போல அழுத்தம் தரும் போராட்ட வடிவம் வேறில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகு சவக்கிடங்கு வாசலில் உட்கார்ந்து ‘கைது செய்தால்தான் வாங்குவோம்’ என்று சொல்வதைவிட, பரிசோதனை தொடங்குவதற்கு முன்பே அது எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிக் கேட்பதில்தான் பயன் அதிகம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில் இதற்கான வழிமுறைகளைத் தந்திருக்கிறது. உறவினர் உடலைப் பார்ப்பதற்கு முன் பரிசோதனை தொடங்கக் கூடாது; எலும்பு முறிவு தெரிய உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்; மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த, தடயவியல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற இருவர் செய்ய வேண்டும்; தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுக்க வேண்டும். அறிக்கையையும் வீடியோவையும் பார்த்துவிட்டு உயர் நீதிமன்றம் போகப் போவதாகக் குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால், உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பாதுகாக்க வேண்டும். அந்த இரண்டு நாட்களில் மனுத் தாக்கல் செய்யாமல் வெறுமனே மறுத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் கழியும். மறுபரிசோதனை தேவைப்படலாம் என்ற எண்ணம் சிறிதேனும் இருந்தால் எரியூட்டாமல் அடக்கம் செய்வதே பாதுகாப்பு. வழக்கமாக எரியூட்டும் குடும்பங்களுக்கு இது கடினமான முடிவு, ஆனால் எரித்த பின் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

எழுத்தறிவு குறைந்த குடும்பம் என்றால், ‘உடலை வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கையெழுத்து’ என்று நீட்டப்படும் தாள் எதுவாக இருந்தாலும் படித்துச் சொல்ல ஒருவர் வரும் வரை கையெழுத்திடாதீர்கள். சந்தேகம் எதுவும் இல்லை என்ற வரி எந்தப் பத்தியில் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

இனி தெருவுக்கு வருவோம். ஐந்து பேர் சேர்ந்து சட்டவிரோத நோக்கத்தோடு நின்றாலே அது சட்டவிரோதக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பாளிகள் ஆகலாம். கல்லெறிந்தவர் தப்பிவிட, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்ற பையன் அந்தப் படத்தாலேயே அடையாளம் காணப்பட்டு உள்ளே போவது இப்படித்தான். பேருந்து எரிந்தால், சொத்துச் சேதத்துக்கென்றே தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. வேலூர்ப் பகுதியின் பெரிய ஊர்கள் பலவும் ஒரே நெடுஞ்சாலையில் கோத்தாற்போல் அமைந்திருப்பதால், சாலை மறியல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தச் சாலையிலேயே சி.எம்.சி.க்கும் அடுக்கம்பாறைக்கும் போகும் ஆம்புலன்ஸ்களும் வருகின்றன என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் பத்துப் பேர் கொடுக்கும் மனு கோழைத்தனம் என்று சொல்பவர்கள் ஊரில் எப்போதும் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் பின்னால் ஜாமீன்தாரராக வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். கலவரம் நடந்த மறுகணம் அரசின் கையில் இரண்டாவது வழக்கு ஒன்று கிடைக்கிறது. அதில் சாட்சிகள் காவலர்கள், காயம் பட்டவர்கள் காவலர்கள், வீடியோ தெளிவாக இருக்கிறது. முதல் வழக்கில் இவை எதுவுமே இல்லை. எந்தக் கோப்பு வேகமாக நகரும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இறந்தவரின் மதத்தையோ சாதியையோ முன்னிறுத்திப் பரப்பப்படும் வாட்ஸ்அப் செய்திகள் இதைவிடக் கெடுதல் செய்பவை. இறந்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, அடித்தவர் அந்தப் பிரிவினர் அல்லாதவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்க்கக் கோருவது குடும்பத்தின் உரிமை. அது மனுவில் வர வேண்டியது. ஓர் அதிகாரி செய்த குற்றத்தை இரண்டு சமூகங்களுக்கு இடையிலான சண்டையாக மாற்றிவிட்டால், அந்த அதிகாரிக்கு அதைவிட வசதி வேறில்லை.

சிறை மரணங்களில் வேறொரு தவறு நடக்கிறது. தொரப்பாடி மத்திய சிறையிலிருந்து ஒரு கைதி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தால், அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று ஒரு தரப்பும், நெஞ்சுவலி என்று மறுதரப்பும் உடனே முடிவு கட்டிவிடுகின்றன. சிறைகளில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை நோயால் என்றே பதிவாகின்றன. நோய் என்பதால் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. உள்ளே வந்த அன்று எடுத்த உடல் பரிசோதனைக் குறிப்பு என்ன சொல்கிறது, சிறை மருத்துவமனையில் முதலில் எப்போது முறையிட்டார், வெளி மருத்துவமனைக்கு அனுப்ப எவ்வளவு தாமதம் ஆனது, வழிக்காவல் (கைதியோடு செல்ல வேண்டிய காவலர்கள்) கிடைக்கவில்லை என்று எத்தனை முறை தள்ளிப்போனது என்று கேட்க வேண்டும். 1999 நவம்பர் 17 அன்று சென்னை மத்திய சிறையில், மருத்துவமனையில் இறந்த ஒரு கைதியின் செய்தியால் மூண்ட கலவரத்தில் துணைச் சிறை அலுவலர் ஒருவர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் இறந்தனர். சரியான தகவல் சரியான நேரத்தில் சொல்லப்படாத இடத்தை வதந்தி எப்படி நிரப்பும் என்பதை அன்று எல்லாரும் பார்த்தார்கள்.

உயிரோடு இருக்கும்போதே கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூரே ஓர் எடுத்துக்காட்டு. சிறைத்துறை அதிகாரி ஒருவரின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்பட்ட ஆயுள் கைதி, திருட்டுப் புகாரின்பேரில் தனிமைச் சிறையில் அடைத்துத் துன்புறுத்தப்பட்டதாக, 2024-இல் அவருடைய தாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார். வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவர் விசாரிக்கும்படி உத்தரவானது, சி.பி.சி.ஐ.டி. வழக்கும் அதிகாரிகள் மீதான பணியிடை நீக்கமும் பின்னால் வந்தன. அதற்கு ஒரு பேருந்தும் எரிய வேண்டியிருக்கவில்லை.

அதிகாரிகளின் தவறுகளையும் சொல்லாமல் விட முடியாது. 1993 முதலே காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் உண்டு. ஆணையத்துக்குத் தெரிவிப்பவர்கள் வீட்டாருக்குத் தெரிவிப்பதில் மட்டும் தாமதிக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை ஆயுதப் படைக்கு மாற்றிவிட்டு நடவடிக்கை எடுத்துவிட்டதாகச் சொல்வது யாரையும் சமாதானப்படுத்தியதில்லை. முதல் தகவல் அறிக்கையின் எண்ணைச் சொன்னால் பாதிக் கூட்டம் கலைந்துவிடும்.

இழப்பீட்டுத் தொகையை வாங்கினால் வழக்கு முடிந்துவிடும் என்று பயமுறுத்துபவர்களும், வழக்கை முடித்துக்கொண்டால் தொகை வரும் என்று ஆசை காட்டுபவர்களும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வருவார்கள். மகனை இழந்த தாய் எழுதிய ஒரு கடிதத்தை மனுவாக ஏற்று, 1993-இல் ஒடிசா வழக்கில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியபோதே, அது அரசின் பொறுப்புக்கான தொகை என்றும், குற்றவியல் நடவடிக்கை தனியாகத் தொடரலாம் என்றும் தெளிவாகிவிட்டது. ஆகவே வாங்கலாம்; ஆனால் வழக்கைக் கைவிடுவதாக எந்தத் தாளிலும் எழுதித் தரக் கூடாது. அரசு வேலை தருவதாக வாய்மொழியாகச் சொல்லப்படுவதை எழுத்தில் கேட்க வேண்டும். மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் தருவதென்றால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் தர வேண்டும்; மாநில ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் புகாரைத் தேசிய ஆணையம் விசாரிக்காது என்பதால், இரண்டுக்கும் ஒரே மனுவை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, வழக்கறிஞரிடம் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சரி.