ஆறடித் தொட்டியும் ஆறாயிரம் லிட்டரும்: கனச்சதுரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம், எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் டிப்ளமோ மாணவர் ஒருவரின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘சம்ப்: 6 × 6 × 6 = 216 கன அடி = 6,116 லிட்டர்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். சம்ப் என்றால் தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி. பெருக்கல் சரி. கன அடிக்கு 28.317 லிட்டர் என்பதும் சரி. ஆனாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே கணக்கைப் போட்டு, இதே போலக் கோடும் இழுத்தவன்.

பக்கத்தை மூன்று முறை பெருக்காமல் மூன்றால் பெருக்குவது, கனமூலம் கேட்டால் மூன்றால் வகுப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைப் பள்ளிக்கூடத்திலேயே திருத்தியிருப்பார்கள். கட்டுமான இடத்தில் கையைக் கடிப்பவை வேறு.

வெளி அளவை எடுத்துவிட்டுக் கொள்ளளவைச் சொல்வது

சென்னைப் புறநகரில் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஒரு லாரித் தண்ணீர் முழுதாக இறங்க வேண்டும், தம்பி.” அந்தப் பகுதிக்கு வந்துகொண்டிருந்தது 6,000 லிட்டர் லாரி. நான் மனக்கணக்காகவே சொன்னேன்: “ஆறடிக்கு ஆறடி, ஆழம் ஆறடி. தாராளமாகக் கொள்ளும், அம்மா.” மேஸ்திரியிடமும் அந்த அளவையே கொடுத்தேன். அவர் ஆறடிக் குழி வெட்டி, அதற்குள் சுற்றிலும் 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினார். அவர் மீது குற்றமே இல்லை. ஆறடி என்றேன், ஆறடி வெட்டினார்.

சித்திரை வெயிலில் முதல் லாரி வந்தது. குழாயைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு ஓட்டுநர் டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் மூடி வழியாகத் தண்ணீர் பொங்கித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. வால்வை மூடிவிட்டு, லாரியில் பாதிக்கு மேல் மிச்சமிருப்பதைக் காட்டி, “மீதியை எங்கே விடுவது?” என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். அந்த அம்மாள் முழு லாரிக்கும் பணம் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு நாள் மனதில் நின்றிருக்காது.

கணக்கு எங்கே உதைத்தது என்று பாருங்கள். ஆறடியில் இரு பக்கச் சுவரும் சேர்ந்து 18 அங்குலம் போனால், உள்ளே நாலரை அடி. ஆழத்திலும் அதே கதைதான். அடியில் கான்கிரீட் 9 அங்குலம். மேலே மூடும் தளம் 5 அங்குலம். மிதவை வால்வுக்காக விடும் காலியிடம் 4 அங்குலம். ஆக, தண்ணீருக்குக் கிடைப்பது நாலரை அடிக் கனச்சதுரம்:

4.5 × 4.5 × 4.5 = 91.125 கன அடி = சுமார் 2,580 லிட்டர்.

இதில் உள்பூச்சின் கனத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

பலருக்கு இங்கேதான் நம்பிக்கை வராது. பக்கம் குறைந்தது கால் பங்குதானே, கொள்ளளவும் கால் பங்குதானே குறைய வேண்டும் என்பார்கள். நீளத்தில் முக்கால், அகலத்தில் முக்கால், ஆழத்திலும் முக்கால். முக்காலின் முக்காலின் முக்கால் என்பது நூற்றுக்கு 42. ஒரே தவறு மூன்று வாசல் வழியாகவும் உள்ளே வருகிறது.

பிற்பாடு எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம் கன அளவு; அது தனக்குள் ஏற்கும் அளவு கொள்ளளவு. மண் வெட்டுகிறவருக்கு முன்னது வேண்டும், தண்ணீர் நிரப்புகிறவருக்குப் பின்னது. நான் முன்னதைக் கணக்கிட்டுப் பின்னதன் பெயரில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சரியான வழி உள்ளிருந்து தொடங்குகிறது. 6,000-ஐ 28.317-ஆல் வகுத்தால் 211.9 கன அடி. அதன் கனமூலம் 5.96, ஆறடி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது உள் அளவு. வெளியே ஏழரை அடி ஆகும். ஒன்றரை அடிதானே கூடுகிறது என்று கூலியைப் பழைய கணக்கிலேயே பேசிவிடாதீர்கள். வெட்டும் மண் 216 கன அடியிலிருந்து 422-க்குப் போகிறது. 100 கன அடி ஒரு யூனிட் என்று பார்த்தால், இரண்டு யூனிட் மண் நாலு யூனிட்டுக்கு மேலாகிவிடுகிறது.

5 அடி 11 அங்குலத்தை 5.11 என்று எழுதுவது

இது அனுபவசாலிகளின் தவறு. டேப்பில் பார்த்ததைக் குறித்துக்கொள்ள 5.11 வசதியானதுதான், அது சீட்டில் இருக்கும் வரை. அதையே கால்குலேட்டரில் தட்டினால் 133 கன அடி வரும். உண்மையில் 11 அங்குலம் என்பது 0.917 அடி, 5.917-இன் கனம் 207. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்த தொட்டி, கணக்கில் மூன்றில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டு நிற்கும். அங்குலத்தை முதலில் 12-ஆல் வகுத்துவிடுங்கள்.

இரண்டு மடங்கு வேண்டும் என்று பக்கத்தை இரட்டிப்பது

எட்டு மடங்கு வரும். பக்கத்தை 1.26-ஆல் பெருக்கினால் போதும். நாலரை அடித் தொட்டி 5 அடி 8 அங்குலம் ஆனாலே இரட்டிப்பு முடிந்துவிடும்.

கன மீட்டரைக் கன அடியாக்க 3.28-ஆல் பெருக்குவது

பெருக்க வேண்டியது 35.3-ஆல். 3.28-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது அது.

வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துவது

சாதாரண கால்குலேட்டரில் கனமூலம் இல்லாததால் வரும் வினை. அப்படி அழுத்தினால் கிடைப்பது நான்காம் மூலம். 10,000 லிட்டர், அதாவது 10 கன மீட்டர்த் தொட்டிக்குப் பக்கம் 1.78 மீட்டர் என்று காட்டும். 1.78-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 5.6 கன மீட்டர்தான் தேறும். சரியான விடை 2.15. பொத்தான் இல்லையென்றால் இரண்டைப் போட்டுப் பாருங்கள், 8 வரும், போதாது. 2.2 போட்டால் 10.6, அதிகம். நடுவில் தேடினால் மூன்றாவது முயற்சியில் அகப்பட்டுவிடும்.

தசமப் புள்ளியை ஓரிடம் நகர்த்திவிடுவது

அந்த மாணவர் நேற்று ஒரு கான்கிரீட் சோதனைக் கட்டியின் கணக்கைக் கொண்டுவந்தார். பக்கம் 150 மில்லிமீட்டர். 0.15-ஐ மூன்று முறை பெருக்கி 0.03375 கன மீட்டர் என்று எழுதியிருந்தார். வர வேண்டியது 0.003375. நான் விடையைச் சொல்லவில்லை. கன மீட்டருக்கு 2,400 கிலோ வைத்து எடையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். சற்று நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, “81 கிலோ வருகிறது, சார்” என்றார். அந்தக் கட்டியை ஒற்றைக் கையால் தூக்கி வந்து என் மேசை மேல் வைத்தவரும் அவரேதான்.