ஹெட்போன் வாங்கும்போது ஃபேனை மறந்துவிடாதீர்கள்

10,000 ரூபாய்ப் பக்கம் சேர்த்து வைத்துக்கொண்டு முதல் நல்ல ஹெட்போன் வாங்க வருகிறவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் விழுந்த குழியிலேயே வரிசையாக விழுகிறார்கள். பில் வாங்கு, போலியைப் பார்த்து வாங்கு என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை விடுங்கள்.

வீட்டைப் பார்க்காமல் ஓப்பன் பேக் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். காதை மூடும் ஹெட்போனில், வெளிப்பக்கம் முழுக்க அடைத்திருந்தால் அது குளோஸ்டு பேக். வலை போட்டுத் திறந்து விட்டிருந்தால் ஓப்பன் பேக். யூடியூபில் ரிவ்யூ சொல்கிறவர்கள் சென்ஹைசர் எச்டி 560எஸ் போன்ற ஓப்பன் பேக்கைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, பாட்டு தலைக்குள் அடைபடாமல் விரிந்துதான் கேட்கும். ஆனால் அவர்கள் அறையில் சீலிங் ஃபேன் ஓடுவதில்லை.

ஆபீஸ் தம்பி ஒருவன் ஆசையாக ஒன்று வாங்கினான். மறு வாரமே, "அண்ணா, பீஸ் டிஃபெக்ட் போல. பாட்டு மெதுவாகும்போதெல்லாம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம்" என்றான். ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் பெட்டி) போட்டால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அதற்கும் ஒரு தொகை அழுதிருந்தான். வேளச்சேரியில் அவன் வீட்டுக்குப் போய் மாட்டிப் பார்த்தேன். ரெகுலேட்டர் 5-இல் இருந்தது. எழுந்து அணைத்தேன். உஸ் நின்றது. அப்புறம் இயர்பேடுக்குள் வேர்க்க ஆரம்பித்தது.

ஆம்ப் பாட்டைத்தான் கூட்டும், ஃபேனைக் குறைக்காது. ஓப்பன் பேக்கில் வெளிச்சத்தம் ஏறக்குறைய அப்படியே உள்ளே வரும். குக்கர் விசிலும் பக்கத்து அறை சீரியலும் அதில் சேர்த்தி. அதை அமுக்க நாம் வால்யூமை ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். போதாக்குறைக்கு, நம் பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரரும் கேட்டாக வேண்டும்.

ஃபேன் இல்லாமல் முடியாது என்கிற வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஆடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ் மாதிரி குளோஸ்டு பேக்தான் சரி. அமைதியான அறையில் ராத்திரி தனியாகக் கேட்கிறவர் ஓப்பன் பேக்கைத் தாராளமாக வாங்கலாம்.

சத்தமாகக் கேட்பதை நல்லது என்று நினைப்பது

ஒரே வால்யூமில் வைத்தாலும் இரண்டு ஹெட்போன்கள் ஒரே அளவு சத்தம் தராது. சத்தம் கூடுதலாக இருப்பதுதான் காதுக்குப் பிடிக்கும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். கடைக்காரர் போடும் டமால் டுமீல் பாட்டு உதவாது. நன்றாகப் பழகிய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போனில் கொண்டுபோங்கள். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) பொம்மென்று ஊதி பாடகர் குரலை மூடினால், பேஸை (அடிச்சத்தத்தை) வேண்டுமென்றே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது

கண்ணாடிக் காம்பு இயர்பேடைத் தூக்கும் இடைவெளியில் பேஸ் போய்விடும். வீட்டில் எப்படிக் கேட்பீர்களோ அப்படியே மாட்டிப் பாருங்கள்.

ஓம் கூடினால் தரம் கூடும்

கூடாது. ஓம் என்பது ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் தடை. அது கூடினால், அதே சத்தத்துக்குப் போன் அதிகம் உழைக்க வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம்களில் வந்திருக்கிறது. போனில் கேட்கிறவருக்கு 250 எதற்கு?

பெட்டியில் 20–20,000 ஹெர்ட்ஸ்

அடிச்சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை காதுக்குக் கேட்கும் எல்லை இது. மட்டமான ஹெட்போனிலும் அதே எண்தான் அச்சாகியிருக்கும்.

ஐபோனுக்கு எல்டாக்

எல்டாக் என்பது ப்ளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் சோனியின் முறை. ஐபோனில் அது கிடையாது.

இயர்பேடு தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்குவது

நம் ஊர் வேர்வைக்கு ரெக்சின் பேடு சீக்கிரமே உரிந்து, கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டும். மாற்று பேடு கிடைக்காத மாடலை அத்தோடு தூக்கிப்போட வேண்டியதுதான். சோனி எம்டிஆர்-7506 1991-இல் வந்தது, அதற்கு இன்றைக்கும் பேடு கிடைக்கிறது. வயரை மட்டும் கழற்ற முடியாது. அறுந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சால்டரிங் செய்கிறவரைத் தேடிப் போக வேண்டும்.