கண்புரை லென்ஸ்: விலைத்தாளைப் பார்த்து நாம் செய்யும் தவறுகள்

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உள்ள ஒரு தனியார் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவைக்கு நாள் குறித்தவுடன், ஆலோசகர் ஒரு தாளை நீட்டுவார். அதில் ஐந்தாறு லென்ஸ்களின் பெயர்களும் எதிரே விலைகளும் இருக்கும். கீழே போகப் போக விலை ஏறும். உடன் வந்த மகனோ மருமகளோ உடனே கேட்பது, "இதில் எது நல்ல லென்ஸ்?" என்பதுதான். பிழை அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. தாளில் விலை இருக்கிறது. எந்தத் தொலைவில் எது தெளியும், எதற்குக் கண்ணாடி தேவைப்படும் என்பது அதில் இல்லை.

எங்கள் உறவினர் ஒருவர் சுவாமிமலையில் ஐம்பொன் படிமங்களுக்கு உளி பிடித்து நுண்வேலை செய்பவர். இளவயதிலிருந்தே அவருக்கு மைனஸ் 3 பவர். தெருவில் நடக்கக் கண்ணாடி அணிவார். வேலைக்கு உட்கார்ந்ததும் அதைக் கழற்றிவிட்டு, ஒரு முழத்துக்கும் குறைந்த தொலைவில் படிமத்தை வைத்துக்கொண்டு விரல்நக அளவுள்ள அணிகலனைச் செதுக்குவார். வலக்கண்ணில் அறுவை முடிந்த பிறகு கோயில் கோபுரம் துலக்கமாகத் தெரிந்தது, உளியின் முனை தெரியவில்லை. அறுவையில் குறையேதும் இல்லை. பெரும்பாலானோருக்குச் செய்வதுபோல, தொலைவில் தெளிவாகத் தெரியும்படி பவர் கணக்கிட்டு மோனோஃபோகல் லென்ஸ் வைத்திருந்தார்கள். வெறுங்கண்ணால் அருகில் பார்த்தே பிழைப்பு நடத்துபவர் என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மோனோஃபோகல் என்றால் ஒரே தொலைவுக்குக் குவியும் லென்ஸ். அந்தத் தொலைவை எங்கே வைப்பது என்பதை அறுவைக்கு முன்பே தீர்மானிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அறுவைக்குப் பின் மைனஸ் 3 மிஞ்சும்படி பவரைத் தேர்ந்தால் சுமார் 33 சென்டிமீட்டரில் தெளியும், தொலைவுக்குக் கண்ணாடி வேண்டும். பூஜ்யத்தை இலக்காக வைத்தால் தொலைவு தெளியும், படிக்கக் கண்ணாடி வேண்டும்.

இதைக் கேட்டுப் பெறும்போது சொல்லிலும் கவனம் தேவை. "எனக்குக் கிட்டப்பார்வை வேண்டும்" என்று வழக்கில் சொல்கிறோம். மருத்துவத் தமிழில் கிட்டப்பார்வை என்பது தொலைவு தெரியாத குறையின் பெயர். செய்யும் வேலையைச் சொல்லி, கண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை நாடாவால் அளந்து சொல்வது குழப்பமற்ற வழி. திருபுவனத்தில் தறியில் அமர்பவரின் கண்ணுக்கும் பாவுக்கும் உள்ள தொலைவு, தேவாரப் புத்தகம் பிடிக்கும் தொலைவைவிடக் கூடுதல். இரண்டையும் "பக்கத்தில்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது.

தாளின் அடிப்பகுதியில் நிற்கும் மல்டிஃபோகல், டிரைஃபோகல் லென்ஸ்களை ஆசையோடு பார்ப்பவர்கள் மிகுதி. கண்ணாடியே வேண்டாம் என்பது பெரிய வசதிதான், ஐயமில்லை. ஆனால் இந்த லென்ஸ்கள் கண்ணுக்குள் வரும் ஒளியையே பங்கு பிரித்துத் தொலைவுக்கும் அருகுக்கும் அனுப்புகின்றன. அதனால் மங்கல் வெளிச்சத்தில் பொருளையும் பின்புலத்தையும் வேறுபடுத்தும் திறன் ஓரளவு குறைகிறது, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தோன்றுகிறது. பலருக்கு இது சில மாதங்களில் பழகிவிடும். சிலருக்குப் பழகுவதே இல்லை. குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்ச நள்ளிரவில் டார்ச் பிடித்து வரப்பில் நடப்பவரும், எதிர்வண்டியின் முகப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் ஓட்டுநரும் இதை எடைபோட்டுத்தான் தேர வேண்டும். தொலைவையும் கைநீட்டும் தூரத்தையும் சேர்த்துத் தெளிவாக்கும், குவியத்தை நீட்டும் லென்ஸ்கள் இடையில் இருக்கின்றன. அவற்றில் ஒளிவளையத் தொல்லை பொதுவாகக் குறைவு, ஆனால் பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

விழித்திரையைப் பார்க்காமல் லென்ஸ் தேர்வது, என் கணிப்பில், இவற்றிலேயே பெரிய தவறு. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்தாலோ, அதன் மையப்பகுதி தேய்ந்திருந்தாலோ, கண்ணழுத்த நோய் நரம்பை அரித்திருந்தாலோ, ஒளியைப் பங்கிடும் லென்ஸ் இருக்கிற பார்வையையும் மங்கலாக்கும். அத்தகைய கண்ணுக்கு எளிய மோனோஃபோகல்தான் பெரும்பாலும் தக்கது. ஆகவே விலையைப் பேசும் முன், விழித்திரை ஸ்கேன் எடுத்தாயிற்றா, அதில் என்ன தெரிந்தது என்று கேட்க வேண்டும்.

"புரை முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழைய எண்ணமும் லென்ஸ் தேர்வைப் பாதிக்கிறது. முற்றிய புரைக்குப் பின்னே விழித்திரை சரியாகத் தெரியாது. லென்ஸின் பவரைக் கணக்கிடுவதற்காகக் கண்ணின் நீளத்தை ஒளியால் அளக்கும் கருவியும் அங்கே தோற்றுப்போகும். ஒலி அலையால் அளக்க வேண்டிவரும், அதில் துல்லியம் சற்றுக் குறைவு. கண்ணின் நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவரில் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) பிசகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் தவறான அளவை ஈடுசெய்யாது. கண் வறட்சி இருந்தால் கருவிழி வளைவின் அளவும் மாறிக் காட்டும் என்பதால், முதலில் சொட்டு மருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு அளப்பது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் எத்தனை நாள் முன்னதாக அதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவிழியின் வளைவு ஒருசீராக இல்லாத சிலிண்டர் பவர்க்காரர்களுக்கு, அந்தச் சீரின்மையைத் திருத்தும் டோரிக் லென்ஸ் உண்மையிலேயே பயன் தரும். மல்டிஃபோகலைவிட இதற்குச் செலவிடுவது பலருக்குத் தக்க செலவு என்பேன். அது கண்ணுக்குள் சரியான கோணத்தில் நிற்க வேண்டும். 30 பாகை திரும்பிவிட்டால் திருத்தம் முழுவதும் வீணாகிவிடும். படுக்கும்போது கண் சற்றுச் சுழல்வதால், உட்கார்ந்த நிலையிலேயே கருவிழி ஓரத்தில் மையால் அடையாளமிடும் வழக்கம் உண்டு. இப்போது சில இடங்களில் கருவியே படம்பிடித்து வழிகாட்டுகிறது. சிலிண்டர் பவர் சொற்பமாக இருப்பவருக்கு டோரிக் லென்ஸால் கூடுதல் நன்மை இல்லை.

"ஃபாரின் லென்ஸ்தான் நிற்கும்" என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையை 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி தொடங்கிவைத்தார்; நெடுங்காலம் அது நம் ஊர் எளியவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், லென்ஸ்களை இங்கேயே செய்து அந்த விலையை வெகுவாகக் கீழே கொண்டுவந்தது. முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ இலவசமாக வைக்கப்படும் லென்ஸும், அளவு சரியாக இருந்தால், தொலைவுப் பார்வையை நன்றாகவே தரும். மடியாத கெட்டி லென்ஸுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வாயில் வேண்டும், மடிக்கும் லென்ஸ் 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த வழியில் நுழையும். புண் ஆறும் காலமும் மிஞ்சும் சிலிண்டர் பவரும் இதனால் வேறுபடும். மற்றபடி மஞ்சள் நிறமா நிறமற்றதா என்பதைப் பற்றி நெடுநேரம் விவாதிக்கத் தேவையில்லை.

சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ பார்வை மீண்டும் மங்கினால், லென்ஸ் கெட்டுவிட்டதென்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு மங்கியிருக்கும். யாக் லேசரால் சில நிமிடங்களில் அதைத் திறந்துவிடலாம். ஆனால் மல்டிஃபோகல் ஒத்துக்கொள்ளாதவர், அதை மாற்றும் எண்ணம் இருந்தால், லேசருக்கு அவசரப்படக் கூடாது. சவ்வைத் திறந்த பிறகு லென்ஸை எடுத்து வேறு வைப்பது கடினமாகிவிடும். லென்ஸின் மாடலும் பவரும் வரிசை எண்ணும் ஒட்டிய அட்டையை அறுவையன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காப்பீடு வைத்திருப்பவர்கள், எந்த லென்ஸின் விலைவரை தருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது நல்லது. பல திட்டங்கள் மோனோஃபோகலுக்கு மேற்பட்ட தொகையை நோயாளியிடமே விட்டுவிடுகின்றன.

சுவாமிமலை உறவினர் இரண்டாம் கண்ணுக்குப் போகும்போது அந்த அட்டையையும், ஒரு சிறு படிமத்தையும், உளியையும், தையல்காரர் நாடாவையும் துணிப்பையில் எடுத்துப் போனார். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறுபட்டால் அவருக்குத் தாங்குமா என்று சோதனைக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். மைனஸ் 3 என்றால் தலைசுற்றியது. மைனஸ் 2 பொருந்தியது. அரை மீட்டரில் இப்போது வெறுங்கண்ணால் வேலை ஓடுகிறது, மிக நுண்ணிய கோடுகளுக்கு மட்டும் கண்ணாடியைத் தேடுகிறார்.