மியூசிக் பிளேயருக்குப் புது டிஸ்ப்ளே: சத்தம் கெடாமல் மாற்ற, தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கணினி, அதன் தலையில் டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் டாக் ஹேட் என்ற பலகை, எஸ்டி கார்டில் வால்யூமியோ அல்லது பைகோர்பிளேயர் என்ற பாட்டு மென்பொருள். வீட்டில் நாமே செய்துகொள்ளும் மியூசிக் பிளேயர் பெரும்பாலும் இவ்வளவுதான். முகப்பில் 16 எழுத்து, 2 வரி காட்டும் நீல எல்சிடி இருக்கும். கொஞ்ச நாளில் அது போதாமல் போகும். பாட்டின் பெயர் பாதியில் வெட்டுப்படும், ஆல்பம் படம் தெரியாது. தமிழ்ப் பெயர் வரவே வராது, ஏனென்றால் அந்த எல்சிடியின் எச்டி 44780 சிப்பில் நாமாக வரைந்து சேர்க்க 8 எழுத்துக்குத்தான் இடம், அதுவும் 5க்கு 8 புள்ளிக் கட்டத்துக்குள்.

அதனால் டிஸ்ப்ளேயை மாற்ற இறங்குகிறார்கள். இது கண்ணுக்கான வேலைதானே என்ற நினைப்பில்தான் முதல் பிசகு தொடங்குகிறது. டிஸ்ப்ளேயும் டாக்கும் ஒரே 40 பின்னைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒரே பவரில் ஓடுகின்றன. டிஸ்ப்ளே வேலையில் செய்யும் தவறு பல நேரம் காதில்தான் தெரியும்: சத்தமே நின்றுபோகும், இல்லையென்றால் பாட்டுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் ஒட்டிக்கொள்ளும்.

எட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவது

கையில் வைத்துப் பார்க்கும்போது 0.96 அங்குல ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) பளிச்சென்று அழகாக இருக்கும். அதன் ஒளிரும் பரப்பு 21.7 மில்லிமீட்டர் அகலம்தான். 128 புள்ளிகள் அதற்குள் அடங்குவதால் ஒரு புள்ளி 0.17 மில்லிமீட்டர். 16 புள்ளி உயர எழுத்து வைத்தால் உயரம் 2.7 மில்லிமீட்டர். 3 மீட்டர் தூரத்தில் நல்ல பார்வை உள்ளவருக்கே ஒரு எழுத்தை அடையாளம் காணக் குறைந்தது 4.4 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். சிரமமில்லாமல் படிக்க அதைப்போல் இரண்டு மடங்கு. மேசையில் பக்கத்திலேயே இருக்கும் பிளேயருக்கு 0.96 அங்குலம் போதும். ஹாலில் அலமாரிக்குள் இருப்பதற்குப் போதாது.

எஸ்எஸ்டி 1322 சிப் உள்ள 3.12 அங்குல ஓலெட்டில் 256க்கு 64 புள்ளிகள், ஒரு புள்ளி 0.3 மில்லிமீட்டர். 32 புள்ளி எழுத்து 9.6 மில்லிமீட்டர் வரும். சோபாவிலிருந்தே படிக்கலாம். ஆல்பம் படமும் தொடுதிரையும் வேண்டுமென்றால் 7 அங்குலத்துக்குப் போவது சரி. இரண்டுக்கும் நடுவில் மலிவாகக் கிடைக்கும் 3.5 அங்குல எஸ்பிஐ டிஎஃப்டியைத்தான் (எஸ்பிஐ என்ற கம்பி இணைப்பில் ஓடும் வண்ணத் திரை) யோசித்து வாங்க வேண்டும். அதில் 480க்கு 320 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட்; ஒரு முழுப் படம் அனுப்ப 16 மெகாஹெர்ட்ஸில் 154 மில்லிசெகண்ட் பிடிக்கும். விநாடிக்கு ஆறேழு படம். விரலால் பட்டியலைத் தள்ளினால் இழுத்து இழுத்து வரும். போதாக்குறைக்கு, அந்த டிஎஃப்டி நேராகப் பின் வரிசையின் மேலேயே உட்காரும். டாக் ஹேட் எங்கே உட்காரும்?

பழைய எல்சிடியின் கம்பியிலேயே புதியதை மாட்டுவது

பழைய எல்சிடியின் முதுகில் ஒரு சின்ன ஐ2சி (இரண்டு சிக்னல் கம்பியில் பேசும் இணைப்பு) பலகை இருக்கும், பிசிஎஃப் 8574 சிப்புடன். அது 5 வோல்ட்டில் ஓடும். அந்தச் சிவப்புக் கம்பியை அப்படியே புது ஓலெட்டில் செருகிவிடுவார்கள். 0.96 அங்குலப் பலகைகளில் பெரும்பாலும் வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இருப்பதால் தப்பிக்கும். 3.12 அங்குலப் பலகை பல 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. பலகையின் பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே பவர் கொடுங்கள்.

இன்னொன்று, நான்கு பின் ஓலெட்டுகள் இரண்டு வரிசையில் வருகின்றன. சிலவற்றில் கிரவுண்ட் முதலில், சிலவற்றில் விசிசி, அதாவது பவர், முதலில். படம் ஒன்றைப் பார்த்து, கையில் இருப்பதைப் பார்க்காமல் மாட்டினால் பவர் தலைகீழாகப் போய் பலகை சூடாகிச் செத்துவிடும்.

பழைய எல்சிடியையும் கூடவே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஐ2சி பலகை தன் இரண்டு சிக்னல் கம்பிகளையும் 4.7 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுக்கிறது. பை தன் பக்கம் 1.8 கிலோஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கம்பியில் நிற்பது சுமார் 3.8 வோல்ட். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. உடனே எரியாது என்பதால்தான் பலரும் கவனிப்பதில்லை. நடுவில் சிக்னல் வோல்ட்டேஜை மாற்றித் தரும் ஒரு லெவல் ஷிஃப்டர் வைத்தால் தீர்ந்தது.

ஜிபிஐஓ 18

மிக அதிகமாக நடக்கும் தவறு, டாக்குக்குத் தேவையான ஜிபிஐஓ 18 பின்னை டிஸ்ப்ளேக்குக் கொடுப்பதுதான். இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரமும் வீணாகிறது. புது டிஸ்ப்ளேயில் எழுத்து அழகாக ஓடும், பிளேயர் பாடுவதாகவே காட்டும், ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் இருக்காது. டாக் போய்விட்டது என்று நினைத்துப் புது டாக் வாங்குகிறவர்களும் உண்டு.

டாக்குக்கு ஆடியோ போகும் வழி ஐ2எஸ். அதற்கு ஜிபிஐஓ 18, 19, 21 தேவை, ஒலிப்பதிவும் உண்டென்றால் 20உம். ஜிபிஐஓ எண் என்பது பையின் சிப் தரும் எண்; 40 பின் வரிசையில் எத்தனையாவது என்ற பின் எண்ணில் சொன்னால் 12, 35, 40, 38. எஸ்பிஐ டிஸ்ப்ளேக்கான பல வழிகாட்டிகள் பேக்லைட்டின் வெளிச்சத்தைக் குறைக்கக் கூட்ட ஜிபிஐஓ 18ஐத்தான் சொல்கின்றன, ஏனென்றால் அதில் ஹார்டுவேர் பிடபிள்யூஎம் (வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் வசதி) இருக்கிறது. டாக் இல்லாத பைக்கு எழுதிய வழிகாட்டி அது. மியூசிக் பிளேயரில் அதே பின்தான் ஐ2எஸ் கடிகாரம். பேக்லைட் கம்பியை ஜிபிஐஓ 12 அல்லது 13க்கு, அதாவது பின் 32 அல்லது 33க்கு மாற்றுங்கள். கம்பியை மாற்றினால் மட்டும் போதாது, டிஸ்ப்ளேயை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பிலும் அந்த எண்ணை மாற்ற வேண்டும்.

இரண்டாவது எஸ்பிஐயை எடுத்துக்கொள்ளலாமே என்று நினைப்பதும் இதே குழியில்தான் விழும். எஸ்பிஐ 1 உட்காரும் இடம் ஜிபிஐஓ 16 முதல் 21 வரை. ஐ2எஸ் முழுவதும் அதற்குள்ளேதான் இருக்கிறது. டாக் உள்ள பையில் எஸ்பிஐ 0 மட்டும்தான்: டேட்டா பின் 19, கிளாக் பின் 23, சிப் செலக்ட் பின் 24. டேட்டா-கமாண்ட் கம்பிக்குப் பின் 18, ரீசெட்டுக்குப் பின் 22 என்று வைப்பது வழக்கம். பின் 18 வேறு, ஜிபிஐஓ 18 வேறு. இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு கம்பி மாட்டியவர்கள் ஏராளம். ஒரு தாளில் 40 பின்னையும் வரைந்து, டாக் எடுத்துக்கொள்ளும் பின்களை முதலில் அடித்துவிட்டு, மீதியில்தான் டிஸ்ப்ளேக்கு இடம் தேட வேண்டும். ஆம்ப்ளிஃபையர் சேர்ந்த சில ஹேட்டுகள் மியூட்டுக்கு ஜிபிஐஓ 4ஐயும் எடுத்துக்கொள்ளும். ஹேட்டின் கையேட்டைப் பார்க்காமல் தாளை முடிக்காதீர்கள்.

சிப் பெயரை நம்பி டிரைவர் போடுவது

1.3 அங்குல ஓலெட்டை எஸ்எஸ்டி 1306 என்று சொல்லி விற்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் எஸ்எச் 1106. அதன் நினைவகம் 132 புள்ளி அகலம், கண்ணாடி 128. தவறான டிரைவர் போட்டால் படம் இரண்டு புள்ளி நகர்ந்து ஓரத்தில் ஒரு கோடு மினுங்கும், அல்லது திரை முழுக்க மணல் கொட்டியது போல இருக்கும். டிஸ்ப்ளே பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் டிரைவரை மாற்றிப் பாருங்கள்.

எஸ்எஸ்டி 1322 பலகைகள் பல, பேரலல் இணைப்புக்கான நிலையில் வருகின்றன. பலகையின் பின்னால் ஒரு சின்ன அட்டவணை அச்சிட்டிருக்கும். அதன்படி பூஜ்ய ஓம் ரெசிஸ்டர் ஒன்றிரண்டை இடம் மாற்றிச் சால்டர் செய்தால்தான் நான்கு கம்பி எஸ்பிஐக்கு வரும். இதைச் செய்யாமல் எத்தனை மணி நேரம் மென்பொருளைக் குடைந்தாலும் திரை கறுப்பாகவேதான் இருக்கும்.

பவரும் இரைச்சலும்

7 அங்குலத் திரை வைத்ததும் பழைய போன் சார்ஜர் மூச்சுத் திணறும். பைக்கு வரும் 5 வோல்ட் 4.63க்குக் கீழே போனால் மின்னல் சின்னம் வரும், பிராசஸர் வேகம் குறையும், பாட்டு விட்டுவிட்டு வரும். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். பை 5க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர். மெல்லிய நீளக் கேபிளிலும் வோல்ட்டேஜ் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

2015இல் வந்த ராஸ்பெரி பையின் 7 அங்குலத் திரை 800க்கு 480, படுக்கைவாட்டம். 2024இல் வந்த இரண்டாவது திரை 720க்கு 1280, நிற்கும் வாட்டம். அமைப்பில் திருப்ப வேண்டும். பை 5இல் திரைக்கென்றே உள்ள டிஎஸ்ஐ இணைப்பு 22 பின், பழைய பைகளில் 15. கேபிளைச் சரிபார்க்காமல் ஆர்டர் செய்தால் பெட்டி வந்தும் வேலை நடக்காது. டிஎஸ்ஐ திரையின் பெரிய நன்மை, 40 பின்னில் பவரும் கிரவுண்டும் தவிர எதையும் கேட்காது.

ஓலெட்டின் இரைச்சல் வேறு வகை. 3.12 அங்குலப் பலகை தன் திரைக்குத் தேவையான உயர் வோல்ட்டேஜைத் தானே ஒரு பூஸ்ட் சர்க்யூட்டில் உண்டாக்குகிறது. அதன் துடிப்பு 3.3 வோல்ட் கம்பி வழியே பின்னோக்கி வந்து, அதே பின்னைப் பயன்படுத்தும் டாக்கைத் தொடும். 5 வோல்ட்டிலிருந்து ஏஎம்எஸ் 1117 போன்ற ஒரு தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வைத்து டிஸ்ப்ளேக்குக் கொடுங்கள். டிஸ்ப்ளேயின் பவர் பின்னுக்கு ஒட்டினாற்போல் 100 மைக்ரோஃபாரட் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் போடுங்கள். எஸ்பிஐ கம்பி 15 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். டாக்கின் ஆர்சிஏ சாக்கெட் பக்கமாக இழுத்துச் செல்ல வேண்டாம்.

இரைச்சலைச் சோதிப்பதிலும் ஒரு தவறு உண்டு. பாட்டை பாஸ் செய்துவிட்டுக் கேட்பார்கள். அப்போது பல டாக்குகள் தாமாகவே மியூட் ஆகிவிடும், எல்லாம் சுத்தமாக இருப்பது போலத் தோன்றும். ஒலியே இல்லாத ஒரு ஐந்து நிமிட ஆடியோ கோப்பை ஓடவிட்டு, வால்யூமை ஏற்றி, திரையை முழு வெள்ளையாக்கியும் முழுக் கறுப்பாக்கியும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் கேட்டால் பவர் கம்பியில் வேலை பாக்கி இருக்கிறது.

டிஸ்ப்ளேயோடு வரும் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது

மலிவு டிஎஃப்டிகளுக்குக் கொடுக்கப்படும் நிறுவல் ஸ்கிரிப்ட்டுகள் சில, பையின் கான்ஃபிக் கோப்பைத் தங்களுடையதால் மாற்றிவிடும். அதில் இருந்த டாக் வரியும் சேர்ந்து போய்விடும். முதலில் எஸ்டி கார்டை முழுதாக நகல் எடுங்கள். பிறகு ஸ்கிரிப்ட்டைத் திறந்து படித்து, டிஸ்ப்ளேயை இயக்கச் சொல்லும் ஓவர்லே வரியை மட்டும் கையால் சேருங்கள். வால்யூமியோவில் அந்த வரியை யூசர்கான்ஃபிக் கோப்பில் எழுத வேண்டும். கான்ஃபிக் கோப்பில் எழுதினால் அப்டேட்டில் அழிந்துவிடும்.

தமிழ்ப் பெயர்கள் உடைந்து வருவது

புது டிஸ்ப்ளே வாங்கும் ஆசையில் பாதி இதற்காகத்தான். தமிழ் எழுத்துரு ஒன்றைக் கோப்புறையில் போட்டுவிட்டால் வந்துவிடும் என்று நினைப்பதுதான் தவறு. கணினியில் 'மெ' என்பது முதலில் ம, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது எழுத்துக்கோப்பு மென்பொருளின் வேலை. அது இல்லாவிட்டால் 'மெலடி' என்ற பெயர் திரையில் 'மலெடி' என்று தெரியும். 'கு', 'மு' எல்லாம் உடைந்து, உகரக் குறி தனியே தொங்கும்.

ஓலெட்டுக்குப் பைத்தானில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படம் வரையும் நூலகமான பில்லோவைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ராக்ம் என்ற துணை நூலகம் இயங்கினால்தான் தமிழ் சரியாக வரும். பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியிடம் ராக்ம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபால்ஸ், அதாவது இல்லை, என்று பதில் வந்தால் முதலில் ஃப்ரிபிடி நூலகத்தை நிறுவிப் பாருங்கள், பல நேரம் அதுதான் விடுபட்டிருக்கும்.

நீளப் பெயரை ஓடவிடும்போது எழுத்து எழுத்தாக வெட்டாதீர்கள். வெட்டு கொம்புக்கும் மெய்க்கும் நடுவில் விழுந்து, ஒவ்வொரு அடியிலும் பெயர் வேறாகத் தெரியும். முழுப் பெயரையும் ஒரே நீளப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, அதன் மேல் திரை அளவு சன்னலைப் புள்ளி புள்ளியாக நகர்த்துங்கள். எழுத்து உயரம் 18 புள்ளிக்குக் கீழே போனால் ண, ன சுழிகள் அடைந்துபோகும். எஸ்எஸ்டி 1322இல் 16 சாம்பல் நிலைகள் இருப்பதால் அதே அளவில் தமிழ் கூடுதல் தெளிவாக நிற்கும்; கறுப்பு வெள்ளை மட்டுமே காட்டும் சின்ன ஓலெட்டில் விளிம்பு பிசிறும்.

எல்லாம் செய்தும் பெயர் விநோத ஐரோப்பிய எழுத்தாக வந்தால் குற்றம் டிஸ்ப்ளேயில் இல்லை, கோப்புக்குள் பாட்டின் பெயரை எழுதி வைக்கும் டேகில். பழைய எம்பி3 பலவற்றில் பெயர் திஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கும். ஐடி3 முதல் பதிப்பு டேகில் தலைப்புக்கு 30 பைட்தான். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் பத்துக் குறியோடு பெயர் நின்றுவிடும். டேகை ஐடி3 2.4இல் யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமியுங்கள்.

கடைசியில் பெட்டிக்குள் வைக்கும்போது

முகப்பில் ஓட்டை வெட்டும் அளவைப் பலகையின் அளவை வைத்து எடுக்காதீர்கள். ஒளிரும் பரப்பு பலகையின் நடுவில் இருப்பதில்லை. திரையை முழு வெள்ளையாக்கி, மேலே டிரேசிங் தாள் வைத்து ஓரத்தைக் குறித்துக்கொண்டு வெட்டுங்கள். திருகுக்கு நைலான் வாஷர் போட்டு விரல் இறுக்கத்தோடு நிறுத்துங்கள். ஓலெட் கண்ணாடி மூலையில் சட்டென்று விரியும். ஒரே இடத்தில் கடிகாரத்தை இரவு பகலாகக் காட்டும் ஓலெட்டில் அந்த எண்கள் நிழலாகத் தங்கிவிடும். பாட்டு நின்று பத்து நிமிடத்தில் திரையை அணைத்துவிடுங்கள். கடிகாரம் கட்டாயம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று புள்ளி நகரும்படி வைத்து, பிரகாசத்தைக் கால்வாசிக்கு இறக்குங்கள்.