ஈஆர்பி வாங்கும் முன் ஸ்டோர்ஸைச் சரிசெய்யுங்கள்: சிறு பம்ப் ஆலைகளுக்கு

கோவைப் பக்கம் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் இருப்பது) செய்யும் சிறு ஆலை லட்சக்கணக்கில் கொடுத்து ஈஆர்பி சாஃப்ட்வேர் (பர்ச்சேஸ், இருப்பு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது) போட்டுவிட்டு, கொஞ்ச நாளில் பழைய எக்செல்லுக்கே திரும்புவது புதிதல்ல. பெரும்பாலும் சாஃப்ட்வேர் மேல் தப்பிருக்காது. உள்ளே போட்ட கணக்கு தப்பாக இருக்கும். நாளுக்கு 40 பம்ப் செய்யும் ஆலையை வைத்து, எதை எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் அதிகம் விற்கும் ஒரே ஒரு மாடலை எடுங்கள். ஒரு பம்பை மேசையில் வைத்து முழுக்கப் பிரித்து, கழன்று வரும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கேசிங், இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங், மெக்கானிக்கல் சீல், ஸ்டாம்பிங், கெபாசிட்டர் எல்லாம் யாருக்கும் மறக்காது. நேம்பிளேட், அதன் ரிவெட், வார்னிஷ், அட்டைப்பெட்டி இவைதான் விட்டுப்போகும். நேம்பிளேட் வராமல் டெஸ்ட் முடிந்த பம்புகள் வரிசையாக நிற்கும் ஆலைகள் உண்டு.

எழுதும்போது பேரிங் எண்ணுக்குப் பின்னால் வரும் சஃபிக்ஸ் எழுத்துகளையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் 6203 என்று ஆர்டர் போட்டால் 17 மி.மீ. உள்விட்டம், 40 மி.மீ. வெளிவிட்டம், 12 மி.மீ. அகலத்தில் ஒரு பேரிங் வரும், சரியாகப் பொருந்தும். ஆனால் சீல் இருக்காது, கிளியரன்ஸும் (உள்ளே விடும் இடைவெளி) சாதாரணமாக இருக்கும். உங்கள் டிராயிங் 2ஆர்எஸ் (இரு பக்கமும் ரப்பர் சீல்), சி3 (கூடுதல் கிளியரன்ஸ்) என்று கேட்டால், மோட்டார் சூடானதும் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது வார்ப்பு. பெரும்பாலான இருப்புக் கணக்கு இங்கேதான் நாறுகிறது. வார்த்துத் தரும் ஃபவுண்ட்ரி கிலோவுக்கு பில் போடுகிறது. ஸ்டோர்ஸ் எண்ணிக்கையில் கொடுக்கிறது. டிராயிங்படி ஒரு கேசிங் 6.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணல் அச்சு தளர்ந்து விரிந்ததாலோ, கோர் (உள்வெற்றிடத்துக்கு வைக்கும் மணல் உரு) சிறுத்ததாலோ அது 6.6 கிலோவாக வருகிறது. 200 கேசிங், 1,320 கிலோ. கிலோவை 6.2ஆல் வகுக்கும் சிஸ்டம் 212 கேசிங் இருப்பதாகக் காட்டும். இல்லாத 12 கேசிங்கை நம்பி பிளான் போடுவீர்கள். போதாக்குறைக்கு, கூடுதலாக வந்த 80 கிலோ இரும்புக்குப் பணமும் கொடுத்திருப்பீர்கள்.

இதற்கு வழி: கேட்டிலேயே எடையும் போடுங்கள், எண்ணவும் செய்யுங்கள். இருப்பு எண்ணிக்கையில் மட்டும் இருக்கட்டும், கிலோ பில்லுக்கு மட்டும். பி.ஓ.விலேயே (பர்ச்சேஸ் ஆர்டர்) "டிராயிங் எடைக்கு மேல் 3 சதவீதம் வரைதான் பணம்" என்று ஒரு வரி சேருங்கள். மெஷினிங்கில் புளோஹோல் (வார்ப்பில் காற்று அடைத்த ஓட்டை) தெரிந்து 5 சதவீதம் கழிகிறது என்றால், 1,000 நல்ல கேசிங்குக்கு 1,050 போதாது, 1,000ஐ 0.95ஆல் வகுத்து 1,053 ஆர்டர் போட வேண்டும்.

மறு ஆர்டர் அளவைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். பம்புக்கு 2 பேரிங், நாளுக்கு 80. சீசனில் 100 வரை போகும். சரக்கு வர சராசரி 10 நாள், மோசமான நேரத்தில் 18 நாள் என்றால், 100 × 18 = 1,800. இருப்பு 1,800ஐத் தொட்டதும் ஆர்டர் போக வேண்டும். இதில் 800 வழக்கமான செலவு, மீதி 1,000 பாதுகாப்பு இருப்பு. எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு தேவையில்லை. நட்டு, வாஷர், சர்க்கிளிப்புக்கு இரண்டு டப்பா போதும்: ஒன்று காலியானதும் ஆர்டர், அதுவரை அடுத்த டப்பா. வைண்டிங் ஒயர் வேறு கதை. காப்பர் விலை ஏறி இறங்கும். மூன்று மாதச் சரக்கை வாங்கி அடுக்குவது சூதாட்டம். உலோக விலையையும், அதை ஒயராக்கும் கன்வர்ஷன் கூலியையும் தனித்தனியாகப் பேசி, கூலியை மட்டும் வருஷத்துக்கு முடிவு செய்துகொள்ளுங்கள்.

வார்ப்புக்கு இரண்டாவது ஃபவுண்ட்ரி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். தடை பேட்டர்னில், அதாவது மணலில் அச்சு பதிக்கும் மாதிரி உருவில் இருக்கிறது. ஒரே செட் பேட்டர்ன் பழைய ஃபவுண்ட்ரியிடம் கிடந்தால், புதியவரிடம் விலை பேசி என்ன பயன்? ஒருவர் மோல்டிங் மெஷினுக்குச் செய்த மேட்ச் பிளேட் (பேட்டர்ன் பொருத்திய தகடு) அடுத்தவர் மெஷினில் பெரும்பாலும் உட்காராது. ஆகவே பேட்டர்ன், கோர் செய்யும் கோர் பாக்ஸ் இரண்டிலும் இன்னொரு செட் செய்யுங்கள். அது உங்கள் சொத்து என்று எழுதி வாங்குங்கள். முதல் 5 சாம்பிளில் ஒன்றை அறுத்துச் சுவர் கனம் பாருங்கள். மற்றவற்றை மெஷினிங் முடித்து ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்யுங்கள். பிறகு 70:30 என்று ஆர்டரைப் பிரியுங்கள். 95:5 என்று பிரித்தால் அந்த ஃபவுண்ட்ரி உங்களை வாடிக்கையாளராகவே நினைக்காது, அவசரத்துக்குக் கை கொடுக்கவும் செய்யாது.

பணம் கொடுப்பதும் இதில் சேர்த்திதான். சப்ளையர் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். தவறினால், பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும்.

இனி சாஃப்ட்வேர். வாரம் 20 பொருளை எண்ணி, ஏட்டு இருப்போடு ஒப்பிடுங்கள். 19 ஒத்துப்போகும் நிலை நாலு வாரம் தொடர்ந்தால் வாங்கலாம். டெமோவில் விற்பவரின் உதாரணத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அந்த 200 கேசிங், 1,320 கிலோ பில்லைக் கொடுத்து, கண்ணெதிரே வரவு வைக்கச் சொல்லுங்கள். ஷாஃப்டை கிரைண்டிங்குக்கு வெளியே அனுப்பினால், ஜாப் ஒர்க் இடத்தைத் தனி இருப்பாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால் ஜிஎஸ்டியில் அது விற்பனையாகிவிடும். உங்கள் டேட்டா முழுவதையும் எக்செல்லாக வெளியே எடுக்க வழியில்லை என்றால், அந்த சாஃப்ட்வேர் வேண்டாம்.

தொடங்கும் நாளையும் யோசித்து வையுங்கள். ஏப்ரல் 1 ஆடிட்டருக்கு வசதி. ஆனால் கோடை சீசனில் ஸ்டோர்ஸ் ஆளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜூலை, ஆகஸ்டில் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் இரண்டை மட்டும், அந்த ஒரே மாடலுக்குத் தொடங்குங்கள். உற்பத்தி பிளானிங்கை அடுத்த சீசன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.